எரிந்த ஏடுகளும் எஞ்சிய பெயர்களும்

அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினில், லிஃபி என்னும் ஆற்றின் வடகரையில், பெரியதொரு குவிமாடத்தோடு கூடிய மாளிகை ஒன்று உண்டு. ‘நான்கு நீதிமன்றங்கள்’ என்று அதனை வழங்குவர். 1922-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30-ஆம் நாள் நண்பகல் அளவில் அம்மாளிகை வளாகத்தில் நிகழ்ந்த பெருவெடிப்பு நகரம் முழுவதையும் அதிரச் செய்தது. கரும்புகை வானளாவ எழுந்தது. புகையோடு காகிதங்களும் எழுந்தன. கருகிய ஏட்டுத் துண்டுகள் டப்ளின் வீதிகளில் வந்து வீழ்ந்தன. நகருக்கு வடகிழக்கே கடலோரத்திலுள்ள ஹோத் என்னும் ஊர் வரையில் காற்று அவற்றைக் கொண்டு சென்றது.

எரிந்தது பொது ஆவணக் களரியின் கருவூலம். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அக்களரியில், ஏழு நூற்றாண்டுக் காலத்து அரசாங்க ஏடுகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. பிரித்தானியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்பதா மறுப்பதா என்ற வினாவால் விடுதலை வீரர் இரு பிரிவாயினர். மறுத்த பிரிவினர் 1922 ஏப்ரலில் அம்மாளிகையைக் கைப்பற்றி அரண்போல் அமைத்துக்கொண்டனர். ஜூன் 28-ஆம் நாள் புதிய அரசின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. மூன்றாம் நாள் கருவூலம் எரிந்தது. உள்ளிருந்தோர் வைத்த கண்ணிவெடியா, வெளியிலிருந்து வந்த குண்டா என்ற வழக்கு நூறாண்டு கடந்தும் முடிந்தபாடில்லை. அந்நியன் ஆண்ட காலமெல்லாம் காப்பாற்றப்பட்ட குடும்ப ஏடுகள், ஆட்சி கைக்கு வந்த ஆறு மாதத்தில் உடன்பிறந்தோர் சண்டையில் அழிந்தன என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் வருந்துகின்றது.

அயர்லாந்தின் ஏடுகளைப் பற்றி நம் சங்கத்து மலரில் எழுதுவது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். நம் காலனியில் மூன்றாம் வரிசையில் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் வாழ்கின்றார். ரயில்வேப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து படைவீரராக வந்து, 1840-களில் திருச்சிராப்பள்ளியில் மணம் செய்துகொண்டவர். திருமணப் பதிவின் படி ஒன்று அவர் வீட்டுப் பெட்டியில் உள்ளது. அதில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு. பிறந்த ஊர் இல்லை. ‘கார்க்’ என்ற ஒரு சொல் மட்டும் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. கார்க் என்பது ஊர் மட்டுமன்று. அயர்லாந்தின் மாவட்டங்களுள் பரப்பால் மிகப் பெரியதும் அதுவே. சென்னை ராஜதானி என்று சொல்லி ஒருவருடைய வீட்டைத் தேடச் சொல்வது போன்றதே இது. கணினி முன் உட்காரப் பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற உரிமையால் என்னிடம் அவர் வந்தார். “அங்கே எல்லாம் எரிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?” என்பதே அவருடைய முதற் கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

எல்லாம் எரிந்துவிட்டது என்பது பாதி உண்மை. அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுத்து வந்தனர். 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்குகளின் ஏடுகளும், சில வட்டாரங்களுக்குரிய சிதறல்கள் நீங்கலாக, தீயில் மாண்டன. ஆனால் 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் படிவங்கள் அத்தீக்கு இரையாகவில்லை. தொகைகளைக் கூட்டி எழுதிக்கொண்டபின் அரசினரே அவற்றை அழித்துவிட்டனர். 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. பீரங்கியின்மேல் சுமத்தும் பழியில் சரிபாதி, கோப்புகளைப் பார்த்துக் கையொப்பமிட்ட அலுவலருக்கு உரியது. தீயைப் பற்றி மக்கள் பேசுகின்றனர். கூழ் செய்யும் ஆலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எஞ்சி நிற்கும் முழுக் கணக்குகள் இரண்டு. ஒன்று 1901 மார்ச் 31-ஆம் நாள் இரவுக்குரியது. மற்றொன்று 1911 ஏப்ரல் 2-ஆம் நாள் இரவுக்குரியது. 2007 முதல் 2010 வரையில் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தார் இவ்விரண்டையும் இணையத்தில் ஏற்றி, உலகில் எவரும் ஒரு காசும் கொடாமல் காணலாம் என்று திறந்து வைத்தனர். இங்கிலாந்தின் 1901-ஆம் ஆண்டுக் கணக்கில், எழுத்தர் பெயர்த்து எழுதிய புத்தகமே எஞ்சியுள்ளது. அயர்லாந்திலோ குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிக் கையொப்பமிட்ட படிவமே கிடைக்கின்றது. எழுதத் தெரியாதவர் தம் குறியை இட்டிருப்பார். போலீஸ்காரர் சாட்சி எழுதியிருப்பார். கணக்கெடுக்கச் சென்றவர்களே போலீஸ்காரர்கள்தாம்.

அப்படிவத்தில் பெயர், உறவு, மதம், எழுத்தறிவு, வயது, தொழில், பிறந்த மாவட்டம் முதலியன உண்டு. வீட்டைப் பற்றிய தனிப் படிவத்தில் சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, அறைகள் எத்தனை, முகப்பில் சன்னல்கள் எத்தனை என்பனவும் உண்டு. 1911-இல் புதிதாக ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது. மணமான பெண்டிர் ஒவ்வொருவரும், மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த மக்கள் எத்தனை பேர், இன்று உயிரோடு இருப்போர் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று எண்களும் ஒரு தாயின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகின்றன. கைம்பெண்கள் இக்கேள்விக்கு விடை தர வேண்டியதில்லை என்பது விதி. ஆயினும் பலர் எழுதிவிட்டனர். அலுவலர் அதன்மேல் கோடு கிழித்து அடித்தார். அடித்த கோட்டின் கீழே அந்த எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

மொழிக்கென ஒரு கட்டம் உண்டு. ஐரிஷ் மொழி மட்டும் அறிந்தோர் ‘ஐரிஷ்’ என்றும், இரண்டும் அறிந்தோர் ‘ஐரிஷும் ஆங்கிலமும்’ என்றும் எழுத வேண்டும். ஆங்கிலம் மட்டும் அறிந்தோர் கட்டத்தை வெறுமனே விட வேண்டும். மேற்கு மாவட்டங்களின் படிவங்களைப் புரட்டினால், பாட்டிக்கு ‘ஐரிஷ்’ என்றும், மகனுக்கும் மருமகளுக்கும் ‘ஐரிஷும் ஆங்கிலமும்’ என்றும், பேரக் குழந்தைகளுக்கு வெற்றிடமும் இருப்பதைக் காணலாம். ஒரே கூரையின்கீழ், ஒரே தாளில், மூன்று வரிகளில் ஒரு மொழி தேய்ந்து மறைகின்றது. நம் காலனிக் குழந்தைகளை எண்ணியபோது அந்த வெற்றுக் கட்டத்தைக் கடந்து செல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று. அதே காலத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை ஐரிஷ் மொழியிலேயே நிரப்பி, தம் பெயரையும் ஐரிஷ் வடிவிலேயே எழுதித் தந்த மொழிப்பற்றாளரும் இருந்தனர். அன்னாரை ஆங்கில எழுத்துக்கூட்டில் தேடினால் கிடைக்கமாட்டார்.

இக்கணக்குகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1901-இல் ஐம்பத்தெட்டு வயதென்று எழுதிய கிழவர், 1911-இல் எழுபத்திரண்டு வயதென்று எழுதியிருப்பார். பத்தாண்டில் பதினான்கு வயது ஏறியது எவ்வாறு? 1908-ஆம் ஆண்டில் முதியோர் உதவித்தொகைச் சட்டம் நிறைவேறியது. 1909 ஜனவரி முதல், எழுபது வயது நிரம்பிய ஏழைகட்கு வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் வரையில் கிடைத்தது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவு அனைவர்க்கும் 1864-இல்தான் தொடங்கியது. ஆகவே எழுபது வயதினர் எவரிடமும் அரசினர் சான்று இல்லை. 1839 ஜனவரி 6-ஆம் நாள் இரவில் அயர்லாந்தை உலுக்கிய ‘பெருங்காற்று’ நினைவில் இருக்கிறதா என்று கேட்டே பலருடைய வயதை முடிவு செய்தனர். நினைவிருக்கிறது என்று சொல்லாதவர் அரியர். பசித்த வயிறு வயதைக் கூட்டிச் சொன்னதைக் குற்றமென்று கூற எனக்கு மனம் வரவில்லை.

அந்த உதவித்தொகையால் விளைந்த எதிர்பாரா நன்மை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வயதை மெய்ப்பிக்க, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் தம் பெயர் குழந்தையாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துச் சொல்லுமாறு முதியோர் ஆவணக் களரிக்கு விண்ணப்பித்தனர். தாய் தந்தையர் பெயர், அந்நாளில் குடியிருந்த ஊர் ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எழுத்தர் கருவூலத்தினுள் சென்று, பழைய ஏட்டைப் பார்த்து, கண்டதையும் காணாததையும் குறித்து அனுப்பினார். பின்னர் அந்த ஏடு எரிந்தது. எழுத்தர் குறித்த குறிப்பு எரியவில்லை. கிழவர் ஐந்து ஷில்லிங்குக்காக எழுதிய விண்ணப்பமே, பல குடும்பங்களுக்குப் பஞ்சத்திற்கு முந்தைய காலத்தைக் காட்டும் ஒரே சாளரமாக இன்று நிற்கின்றது. இவ்விண்ணப்பங்களும் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசினர் பதிவுகள் தீயினின்று தப்பின; அவை அக்களரியில் இல்லாமையே காரணம். கத்தோலிக்கர் அல்லாதார் திருமணங்கள் 1845 முதலும், மற்றெல்லாம் 1864 முதலும் பதியப்பட்டன. ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ என்னும் அரசினர் தளம் 2016 முதல் இப்பதிவுகளின் பக்கங்களையே படமாகக் காட்டுகின்றது. நூறாண்டு கடந்த பிறப்பும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த திருமணமும், ஐம்பது ஆண்டு கடந்த இறப்பும் அங்கே காணக் கிடைக்கும். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்தகத்துப் பெயர் இருப்பது பெரும்பேறு. இறப்புப் பதிவில் தாய் தந்தையர் பெயர் இராது; அது ஒரு குறை. குறித்த நாளுக்குள் பிறப்பைப் பதியாதவர்க்குத் தண்டம் உண்டு. ஆதலால் காலங்கடந்து வந்தவர் பிறந்த நாளையே சற்றுத் தள்ளிச் சொல்லிவிடுவர். கோயில் ஏட்டில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, அரசாங்க ஏட்டில் இரண்டு வாரம் கழித்துப் பிறந்திருக்கும்! இவ்விடங்களில் பாதிரியாரை நம்புவதே அறிவுடைமை.

1864-க்கு முன்னே செல்ல வேண்டுமாயின், முதலில் ஊர்ப்பெயர் வேண்டும். அயர்லாந்தில் நிலப்பிரிவின் கடைசி அலகுக்கு ‘டவுன்லாந்து’ என்று பெயர். பெயரில் டவுன் இருந்தாலும் அது பட்டணமன்று. நம் நாட்டுப்புறத்துப் பட்டி போன்றது. சில டவுன்லாந்துகளில் பத்துக் குடிசைகளே இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட டவுன்லாந்துகள் அந்நாட்டில் உண்டு. ஒரே பெயருடையனவும் பல. ‘பாலி’ என்று தொடங்கும் பெயர்கள் ஆயிரக்கணக்கானவை. ‘பாலே’ என்ற ஐரிஷ் சொல்லுக்கு ஊர் என்பது பொருள். கடல் கடந்து சென்றவர்கள் மாவட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். டவுன்லாந்தின் பெயரை வெளியூரார்க்கு எதற்கென்று விட்டுவிட்டார்கள். விட்டுப்போன அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று ஆண்டுக்கணக்கில் அலைகின்றனர். டெல்லியிலும் பம்பாயிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளை, ‘உன் சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதை நாம் அறிவோமன்றோ?

டவுன்லாந்து வாரியாகக் குடும்பத் தலைவரை எழுதிய ஏடுகள் இரண்டு. இரண்டும் வரி வாங்க எழுதப்பட்டவை. முன்னோரை நினைவுகூர எழுதப்பட்டவை அல்ல. முதலாவது, 1823 முதல் 1838 வரையில் எழுதப்பட்ட தசமபாக ஏடு. அரசாங்கத் திருச்சபைக்கு விளைச்சலில் ஒரு பங்கு, எம்மதத்தினராயினும், உழுபவர் கொடுத்தாக வேண்டும். கத்தோலிக்க உழவர் தம் கோயிலுக்கன்றி வேறு கோயிலுக்குப் பணம் கட்டினர். அது பொறாமல் 1830-களில் கலகம் விளைந்து, பல உயிர்கள் மாய்ந்தன. வெறுப்போடு கட்டிய அந்த வரியின் ஏடே, இன்று அவ்வுழவரின் பெயரைச் சொல்ல எஞ்சியுள்ளது.

இரண்டாவது, ரிச்சர்டு கிரிஃபித் என்பார் மேற்பார்வையில் 1847 முதல் 1864 வரையில் அச்சாகி வெளிவந்த நிலமதிப்பீடு. ஏறத்தாழப் பத்து லட்சம் குடித்தனக்காரரின் பெயர்கள் அதில் உள்ளன. குடியிருப்பவர் யார், நிலம் யாரிடமிருந்து குத்தகை, பரப்பு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்பனவற்றை வரிசையாகக் காணலாம். ‘ஆஸ்க் எபௌட் அயர்லாந்து’ என்னும் தளத்தில் நிலப்படத்தோடு அது இலவசமாக உள்ளது. ஒரே டவுன்லாந்தில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால், தந்தை பெயரையோ, தலைமயிரின் நிறத்தையோ அடைமொழியாகச் சேர்த்தனர். ‘செம்பட்டை’ ஜான் என்றும் ‘கறுப்பு’ ஜான் என்றும் அரசாங்க ஏட்டிலேயே அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது, நம் கிராமத்துத் திண்ணையில் அமர்ந்திருப்பது போன்ற எண்ணம் உண்டாகின்றது. இம்மதிப்பீட்டைப் பின்னர் ஆண்டுதோறும் திருத்தி வந்தனர். பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதுவர். தந்தை பெயர் அடிபட்டுக் கைம்பெண் பெயர் ஏறும். அது அடிபட்டு மகன் பெயர் ஏறும். வட அயர்லாந்துக்கு உரிய திருத்தப் புத்தகங்களை அங்குள்ள பொது ஆவணக் களரியின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இனிக் கோயில் ஏடுகளுக்கு வருவோம். இங்கே வரலாற்றின் விளையாட்டு ஒன்று நடந்தது. ஆளும் வகுப்பினரின் திருச்சபையாகிய அயர்லாந்துத் திருச்சபை, 1871-இல் அரசாங்கத் தொடர்பை இழந்தது. அதற்கு முற்பட்ட அதன் பதிவேடுகள் அரசாங்க ஆவணங்கள் என்று சட்டம் கூறியமையால், பாதுகாப்புக்காக அவற்றுட் பல டப்ளினுக்கு அனுப்பப்பட்டன, அனுப்பப்பட்டவை எரிந்தன. தம்மிடம் பாதுகாப்பான பெட்டி உண்டு என்று கூறி ஏட்டை அனுப்பாத கோயில்களின் ஏடுகள் தப்பின. கத்தோலிக்கரின் ஏடுகளை அரசு பொருட்படுத்தவேயில்லை; அவை ஊரிலேயே கிடந்தன, பிழைத்தன. மதிக்கப்பட்டவை அழிந்து, மதிக்கப்படாதவை வாழ்ந்தன.

அயர்லாந்து தேசிய நூலகத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் கத்தோலிக்க ஏடுகளை, பெரும்பாலும் 1880 வரையிலானவற்றை, 1950-கள் தொடங்கி நுண்படச் சுருளில் எடுத்து வைத்திருந்தனர். 2015 ஜூலையில் அவை 3,70,000-க்கு மேற்பட்ட படங்களாக இணையத்தில் இலவசமாக வெளிவந்தன. நூலகத்தின் தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேட இயலாது. பங்கைத் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பல ஏடுகள் லத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ் ஆகின்றார். வில்லியம் குலியெல்முஸ் ஆகின்றார். வீட்டில் ஐரிஷ் மொழியில் அழைக்கப்பட்டவர், கோயிலில் லத்தீனிலும் குத்தகைச் சீட்டில் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டார். மாக் கவன் என்றால் கொல்லன் மகன். அதே குடும்பத்தாருள் ஒரு கிளையினர் மெக்கவன் என்றும் வேறொரு கிளையினர் ஸ்மித் என்றும் நிற்பர். ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும்போது, பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் ஏமாறுவர். ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரின் பெயர்களே பலவிடங்களில் வழிகாட்டுகின்றன. அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சுற்றத்தார். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரும் இடும் வழக்கமும் பரவலாக இருந்தது. பேரன் என்ற சொல்லின் பொருளைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஏட்டை அனுப்பாத கோயில் என்றேன். அதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் அதிபராக இருந்த பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோருள் ஃபால்மத் கியர்னி என்பவர் ஒருவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். 1850-இல், பத்தொன்பது வயது அளவில், கப்பலேறியவர். அவருடைய ஊர், ஆஃபலி மாவட்டத்து மனிகால் என்னும் சிற்றூர் என்பது, அவ்வட்டாரத்து அயர்லாந்துத் திருச்சபையின் பழைய பதிவேட்டில் அக்குடும்பத்தின் பெயரை 2007-இல் கண்டபின் உறுதியாயிற்று. அவ்வேடு டப்ளினுக்குச் சென்றிருந்தால் சாம்பலாகியிருக்கக்கூடும். 2011 மே 23-ஆம் நாள் ஒபாமா மனிகாலுக்கு வந்து அவ்வூராருடன் அளவளாவினார். நம் கால்டுவெல் பெருமகனாரும் அயர்லாந்தில், ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் ஊரில், ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு 1814-இல் பிறந்தவர். அரசினர் பிறப்புப் பதிவு தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னர்ப் பிறந்த அப்பெரியாருக்கு, இடையன்குடியில் வாழ்ந்த வாழ்வும் இயற்றிய ஒப்பிலக்கணமுமே பெரிய பதிவு.

மேலே கூறிய எல்லா ஏடுகளையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நிலம் உடையவர், குத்தகை செலுத்தியவர், வரி கட்டியவர், உதவித்தொகை கேட்கும் வயதுவரை வாழ்ந்தவர் ஆகியோர் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டுள்ளனர். கூலிக்கு உழைத்து, பிறர் நிலத்தின் மூலையில் குடிசை போட்டு, உருளைக்கிழங்கை மட்டும் உண்டு வாழ்ந்தவர் எங்கே? 1845-இல் கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1841-இல் 81,75,124 ஆக இருந்த மக்கட்தொகை 1851-இல் 65,52,385 ஆயிற்று. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அவருள் மிகப் பலர் நிலமற்ற கூலிகள். தசமபாக ஏட்டில் அவர் இல்லை. கிரிஃபித்தின் மதிப்பீடு அவர்களுடைய ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள், குடிசையும் இல்லை, குடியிருந்தவரும் இல்லை.

ஆயினும் அவருள் பலருடைய பெயர் ஒருமுறை எழுதப்பட்டது. 1851 குடிக்கணக்கின் படிவத்தில், 1841-க்குப் பின் அவ்வீட்டில் இறந்தவர் யார், வயது என்ன, நோய் என்ன, எந்த ஆண்டு என்று எழுதுவதற்குத் தனி அட்டவணை இருந்தது. தப்பிப் பிழைத்தவர் தம் வீட்டுப் பிணங்களை வரிசையாகச் சொல்ல, அது எழுதப்பட்டது. ஆஸ்கார் வைல்டு என்னும் புலவரின் தந்தையாகிய மருத்துவர் வில்லியம் வைல்டு, அப்படிவங்களைக் கொண்டே இறப்பு அட்டவணையைத் தொகுத்து 1856-இல் அச்சிடச் செய்தார். தொகைகள் அந்நூலில் உள்ளன. பெயர்கள் படிவங்களில் இருந்தன. அப்படிவங்கள் 1922 ஜூன் 30-ஆம் நாள் எரிந்தன. குடும்பம் முழுவதும் மாண்ட வீடுகளுக்கோ, அன்றே சொல்வதற்கு ஆளில்லை.

மன்னர் கொடுத்த பட்டயங்களுக்கும் ஆளுநர் எழுதிய கடிதங்களுக்கும் லண்டனிலோ வேறிடத்திலோ படி இருந்தது. ஹெர்பர்ட் வுட் என்னும் ஆவண அலுவலர், களரியில் உள்ளவை எவை என்ற விளக்கப் பட்டியலை 1919-இல் வெளியிட்டிருந்தார். அப்பட்டியலைத் துணையாகக் கொண்டு, டிரினிட்டிக் கல்லூரியின் தலைமையில் அறிஞர் பலர் உலகத்து நூலகங்களில் எல்லாம் படிகளைத் தேடிச் சேர்த்தனர். எரிந்த கருவூலத்தையே கணினியில் மீண்டும் கட்டி, தீயின் நூற்றாண்டான 2022 ஜூன் 27-ஆம் நாள் அனைவர்க்கும் இலவசமாகத் திறந்தனர். போற்றத்தக்க பணி. ஆனால் கூலிக்காரன் குடிசையில் இறந்த குழந்தையின் பெயருக்கு எவரும் படி எடுத்து வைக்கவில்லை. 1841, 1851 ஆண்டுகளின் சிதறல்கள் எஞ்சிய சில வட்டாரங்களில் மட்டும் அப்பெயர்களைக் காணலாம். கேவன் மாவட்டத்துக் கில்லஷாண்ட்ரா அவற்றுள் ஒன்று. 1841-ஆம் ஆண்டுக் கணக்கு அவ்வட்டாரத்துக்குத் தப்பியிருக்கிறது.

நம் காலனிப் பெரியவர் தேடிய ஊர் கிடைத்ததா என்று கேட்பீர்கள். 1830-இல் பிரித்தானியப் படையின் சாதாரண வீரருள் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்தினர். ஓய்வூதியம் பெற்று விலகிய வீரர் பலருடைய பெயரும் பிறந்த பங்கும், லண்டன் மாநகரின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் இலவசமாகத் தேடத்தக்கனவாக உள்ளன. நம்மவர் தேடிய பெயரில், கார்க் மாவட்டத்தில் பிறந்தவராக மூவர் அதில் இருக்கின்றனர். மூவருக்கும் பங்கு வேறு. முதலாமவர் சென்னைப் பக்கமே வந்ததாகத் தெரியவில்லை. மற்ற இருவருள் எவர் என்று காட்ட நம்மிடம் சான்று இல்லை. அவ்விரு பங்குகளின் ஞானஸ்நான ஏடுகளையும் மாலைதோறும் புரட்டினோம். ஒன்று, அவ்வீரர் பிறந்ததற்குப் பல ஆண்டுகள் கழித்தே தொடங்குகின்றது. மற்றொன்றில் மை மங்கி, ஒரு பக்கத்தில் பாதிதான் தெரிகின்றது. கிரிஃபித்தின் மதிப்பீட்டில் அக்குடும்பப்பெயர் இரு பங்குகளிலும் உண்டு.

ஒரு வழிதான் எஞ்சியுள்ளது. பெரியவருடைய அத்தை ஒருவர் ஆஸ்திரேலியாவில், தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்கின்றார். சிறு வயதில் அவருடைய பாட்டி ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லித் தாலாட்டியதாக அவர் முன்பொருகால் கூறியதுண்டாம். அந்தச் சொல்லை, எழுத்துக்கூட்டைப் பற்றிக் கவலைப்படாமல், காதில் விழுந்தபடியே எழுதச் சொல்லுமாறு அவருடைய மகளுக்கு இரண்டு திங்களுக்கு முன் கடிதம் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.